கீலுக்கு அடியில் பச்சை இருக்கிறதா?

1

இந்தக் கதை என் அக்கா செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "எழுதிக்கோ. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாத. அழல" என்றாள். அழவில்லை. எழுதிவிட்டேன்.

அக்காவுக்குப் பழைய கட்டடங்களில் பெயிண்ட் சுரண்டும் வேலை. இப்போது கடைத்தெருவில் முப்பது கடைகளின் முகப்பைப் பழையபடி ஆக்குகிறார்கள். எந்தப் பழையபடி? அதற்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது. வேலையை மேற்பார்க்கும் பொறியாளர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். சாரத்தில் ஏறுகிற எல்லோருக்கும் அவர் 'ஃபோட்டோ சார்'.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தெருவின் பழைய முகங்கள் மெல்லக் கண் விழித்து..." அடித்துவிட்டேன். கட்டடத்துக்குக் கண் கிடையாது. சுரண்டினால் தூசி வரும், தூசி உள்ளே போனால் இருமல் வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது.

இன்னொரு தொடக்கம்: "அந்தப் புகைப்படத்தில் பட்டன் கடை இல்லை." இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

பட்டன் கடை இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவில் நாலரை அடி அகலம். பட்டன், ஜிப், நூல். இருபது வருஷமாக அங்கே உட்கார்ந்திருப்பவர் பட்டன்காரம்மா. புகைப்படத்தில் அந்த இடத்தில் வெறும் சுவர். உத்தரவுப்படி, படத்தில் இல்லாதது தெருவிலும் இருக்கக்கூடாது. கதவை நிலையோடு பெயர்த்துவிட்டுச் சுவர் எழுப்ப வேண்டும்.

"அப்ப நான் சுவத்துக்குள்ள உக்காந்து பட்டன் விக்கணுமா சார்?"

"வேற இடம் தருவாங்கம்மா."

"எங்க?"

ஃபோட்டோ சார் படத்தை எடுத்துப் பார்த்தார். அதில் அது இல்லை.

4

பக்கத்துக் கடையின் மரச்சட்டத்தில் அக்கா ஒன்பது பூச்சு எண்ணினாள். கீழிருந்து நாலாவது பச்சை. படத்தில் தெரிகிற அதே எழுத்துகள் அந்தப் பச்சையின் மேல் இருந்தன. ஆக, படம் எடுத்த காலத்து நிறம் பச்சை. அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: பட்டன் கடை நிலையிலும் அதே பச்சை இருந்தால், படம் எடுத்தபோதே கதவு இருந்ததாகத்தானே அர்த்தம்? சாத்திய கதவு, சுவருக்கும் அதே பச்சை. கறுப்பு வெள்ளையில் சுவராகத்தானே தெரியும்?

அருமையான யோசனை. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. அந்த நிலையை அதற்குள் சூடு காட்டி வெறும் மரமாக வழித்துவிட்டிருந்தாள்.

[ஒவ்வொரு பூச்சிலும் தீப்பெட்டி அளவு விட்டுவைத்துத்தான் சுரண்ட வேண்டும். அது விதி. அக்காவுக்கும் தெரியும். ஆனால் பட்டியலில் அந்த நிலைக்கு எதிரே 'பெயிண்டை வழித்து, மரத்தை அகற்ற வேண்டியது' என்று இருந்தது. போகிற சாமானுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள்.]

"பச்சையப் பாத்தியா இல்லையாம்மா?" என்றார் ஃபோட்டோ சார்.

"பாத்த மாதிரிதான் இருக்கு சார்."

"மாதிரிய ஃபைல்ல ஒட்ட முடியாதே."

5

ஃபோட்டோ சாரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். மூன்று பக்கம் எழுதினேன். அவரே கெடுத்தார். "கீலுக்கு அடியில பாத்தியாம்மா?" என்று கேட்டது அவர்தான்.

கீல் ஆறு வருஷத்துக்கு முன்னால் மாற்றியது. பழசு சின்னது, புதுசு பெரிசு. நல்ல கார்பென்டராக இருந்தால் மரத்தில் பள்ளம் வெட்டிப் பதித்திருப்பான். பூச்சு எல்லாம் போயிருக்கும். சோம்பேறியாக இருந்தால் பூச்சின் மேலேயே வைத்து முடுக்கியிருப்பான்.

"கார்பென்டர் எப்படிம்மா?" என்றாள் அக்கா.

"அவனா? நாளைக்கு வரேம்பான், அடுத்த வாரம் வருவான். வந்ததும் டீ கேப்பான்."

"ஐயோ, தங்கமான மனுஷன்!"

பட்டன்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆனா போட்டதுலேர்ந்து கதவு ஆடவே இல்லம்மா."

அக்கா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

6

மூன்று திருகு கழன்றுவிட்டது. நாலாவது பாக்கி. இனி முடிவுகள்:

அ. பச்சை இருக்கிறது. கதவு பிழைக்கிறது.

ஆ. வெட்டின பள்ளம். சுவர்.

இ. பக்கத்துக் கடைக்குக் கலந்து வைத்த பச்சை அக்காவின் டப்பாவில் இருக்கிறது. யாரும் பார்க்காதபோது ஒரு விரல்...

இ-யைப் படித்துக் காட்டினேன். "லூசாடா நீ? புதுப் பெயிண்ட் நகத்துலயே வந்துடும். அவரு கீறிப் பாப்பாரு" என்றாள். யோசித்துப் பார்க்காமல் இவ்வளவு விவரம் வராது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அங்கேதான் நின்றேன். ஆனாலும் இங்கே நிறுத்துகிறேன். நாலாவது திருகை நீங்கள் கழற்றுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், ஒருவர் வந்திருக்கிறார். கையில் சட்டை. இதே மாதிரி ஒரு பட்டன் வேண்டுமாம்.

"வழி விடுங்க சார்" என்று பட்டன்காரம்மா உள்ளே போனார். அவர் அதை எடுத்துக் கொடுக்கும்வரை கீலைத் தொட வேண்டாம் என்றார் ஃபோட்டோ சார். அக்கா ஸ்க்ரூ டிரைவரை இறக்கிக்கொண்டாள்.

முதல் டப்பாவிலேயே அந்தப் பட்டன் இருந்தது. நான் பார்த்தேன். பட்டன்காரம்மாவும் பார்த்தார். மூடி வைத்துவிட்டு அடுத்த டப்பாவைத் திறந்தார்.