வாசலுக்கு ஒரு மயிரிழை

மேல்வீட்டில் ஏதோ தடாலென்று விழுந்தது. இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான். என்ன விழுந்ததென்று நான் ஏறிப்போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது வெறும் பால்மாத் தகரப்பேணியாக இருந்திருக்கும், கதையும் போயிருக்கும்.

1

விழுந்தது கமெரா ஸ்டாண்ட் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் நடுங்கும் மாடிவீடு. அங்கே மிதுனா மேசைமேல் ஒரு களிமண் பெண்ணை நடக்கவைக்கிறாள். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்துவாள். ஒரு போட்டோ எடுப்பாள். மறுபடி நகர்த்துவாள், மறுபடி எடுப்பாள். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால், களிமண் பெண் கையில் பெட்டியோடு, கனவில் நடப்பவள் போல வீட்டு வாசலை நோக்கிப் போவாள்.

படம் முடிந்ததும் மிதுனாவும் போகிறாள். இரண்டு வருடப் படிப்பு, ப்ராக் நகரத்தில்.

(தமிழில் ‘அசை’ என்றால் நகர்த்து. செய்யுளைத் துண்டு துண்டாகப் பிரித்தால் வருவதும் அசைதான். ஆகவே அவளுக்கும் எனக்கும் ஒரே தொழில். அவளுக்கு விரல் வலிக்கும், எனக்கு முதுகு.)

2

அவளுடைய கணவன் ஜனா. இவனில்தான் எனக்குச் சந்தேகம். நீர் போயிட்டு வாரும் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுகிறான். எந்த மனுசன் இப்படி இருப்பான்? நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று அவனை அழவைக்கப் பார்த்தேன்:

ஜனாவின் கண்கள் மெல்லக் கலங்க

இல்லை, மாட்டேனென்றுவிட்டான். கோபப்பட வைத்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான்.

மிதுனாவுக்கும் இதே தொல்லைதான். போகாதேயும் என்று ஒரு சொல் சொன்னால் சண்டையாவது பிடிக்கலாம். தான் போவது அவனுக்கு உறைக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படி விமானம் ஏறுவது?

3

களிமண் படத்தின் கடைசிக் காட்சி. பாதியில் விசா அலுவலாக வெளியே போய்வந்த மிதுனா, எடுத்ததை ஓடவிட்டுப் பார்த்தாள். வாசலில் கால் வைக்கப்போன களிமண் பெண், நின்றாள். மெல்ல, மெல்ல, தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள். மறுபடி முன்னால் திரும்பினாள்.

மிதுனா எடுக்காத போட்டோக்கள் அவை.

ரயில் அதிர்வு என்று எழுதிப் பார்த்தேன். ரயில் போட்டோ எடுக்காது. நானே திருப்பினேன் என்றும் எழுதினேன், அது பொய். வீட்டில் இருந்தது ஒரே ஒருவன்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டுப் போகிறாள். மற்றதில் பெட்டியைப் பிரித்துவிட்டு, போகாமல் நிற்கிறாள். இரண்டும் எனக்கு வேண்டாம். வெட்டுவதா, வைப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். என் காதில் விழுந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். குசினி வாசலில் நின்று, என் படத்தில் ஏன் கைவைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். ஜனா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான்:

“தலையை மட்டும்தான் திருப்பினனான், மிதுனா. காலைத் தொடேல்லை.”