கோள் சொல்லும் வகுப்பு

பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கேட்டது மிகச் சின்னக் கேள்வி. முதல் வரிசையில் இருந்த புஷ்பவள்ளியைப் பார்த்து, உன் ஊர் எது என்று இங்கிலீஷில் கேட்டார். புஷ்பவள்ளி எழுந்து, கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டு, நான்காம் பாடத்தின் முதல் வரியைக் கணீரென்று சொன்னாள். அவள் முடித்ததும் வகுப்பு மொத்தமும் அதே வரியை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிற்று. பசு மிகவும் பயனுள்ள பிராணி என்பது அந்த வரி.

பின்னால் நின்ற டீச்சர் ராஜாம்பாளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவளுடைய அப்பா கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார். வீட்டுக் கூடத்தில் அவர் ஒரு வரி சொல்வார். சீடர்கள் அதை இரண்டு தரம் சொல்வார்கள். முதலில் நாக்கில் ஏறட்டும், அர்த்தம் பின்னால் வரும் என்பார். கடலூரில் டிரெயினிங் முடித்துவிட்டு சிதம்பரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்த ராஜாம்பாளும் அதையே செய்தாள். மூன்றாம் பாரத்து, அதாவது எட்டாம் வகுப்புப் பெண்கள் புத்தகம் முழுவதையும் ராகம் போடாத குறையாக ஒப்பித்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்கு அதில் கர்வம்கூட இருந்தது. கர்வமெல்லாம் ஒரு பசுமாட்டில் போயிற்று.

இன்ஸ்பெக்ட்ரஸ் கோபித்துக்கொள்ளவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. பொங்கலுக்குப் பிறகு மறுபடி வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

பள்ளி மானேஜர் ராமாமிர்தம் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். கீரப்பாளையத்தில் நிலபுலன் உள்ளவர். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எதுக்குன்னு நான் அப்பவே கேட்டேன். பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அந்தம்மா ரிப்போர்ட்ல நல்லா எழுதலன்னா இத எடுத்துட்டு தையல் கிளாஸ் வச்சுருவேன். உனக்குத் தையல் வருமாம்மா?"

வராது என்று அவருக்கே தெரியும். தன் வேலை போவதுகூட ராஜாம்பாளுக்கு இரண்டாம் பட்சமாகத்தான் பட்டது. இங்கிலீஷ் இல்லாமல் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத முடியாது. இந்தப் பெண்களுக்கு மூன்றாம் பாரத்தோடு கதவு சாத்திவிடும். ஏற்கெனவே ஒரு கதவு சாத்தித்தான் இருந்தது. பக்கத்து அறை முழுக்க மானேஜரின் நெல்மூட்டைகள். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். சர்க்கார் ஆட்கள் பதுக்கிய நெல்லை வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் யார் தேடப்போகிறார்கள்? அந்த அறையில் உட்காரவேண்டிய முதல் பாரத்துச் சிறுமிகள் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

தீபாவளிக்குக் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் தேவநாதன் மாமா வீட்டுக்குப் போனாள். மாமாவின் பேத்தி மங்கலத்துக்கு இரண்டு வயது கடந்தும் பேச்சு சரியாக வரவில்லையென்று வீடே கவலைப்பட்டது. அன்று மத்தியானம் அந்தக் குழந்தை அழுதுகொண்டே ஓடிவந்து ராஜாம்பாளின் புடவையைப் பிடித்து இழுத்தது.

"அத்தே... அண்ணே... முறுக்கு... புடுங்கி... என்னுது!"

மாமா சிரித்தார். "தண்ணி வேணும்னு கேக்கத் தெரியல. கோள் சொல்றதுக்கு மட்டும் எங்கேருந்துதான் வார்த்த வருதோ, கழுதைக்கு."

ராஜாம்பாள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அது சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ரயிலில் ஊர் திரும்பும்போதும் அதே நினைப்பாக இருந்தாள்.

மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"இனிமே யாரு மேலயாவது கோள் சொல்லணும்னா இங்கிலீஷ்ல சொல்லுங்க. தப்பும் தவறுமா சொன்னாலும் கேட்டுக்குவேன். தமிழ்ல சொன்னா எனக்குக் காது கேக்காது."

கொஞ்ச நாள் ஒரு கோளும் வரவில்லை. கிள்ளு வாங்கியவர்கள் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தோன்றத் தொடங்கிய சமயத்தில், புஷ்பவள்ளி பொங்கிவிட்டாள்.

"டீச்சர், தில்லையம்மாள் டேக் மை பென்சில். ஆல்வேஸ் டேக்!"

வகுப்பு மொத்தமும் தில்லையம்மாள் பக்கம் திரும்பியது. தில்லையம்மாள் பழியைச் சுமந்துகொண்டு உட்காருகிற பெண்ணா? விருட்டென்று எழுந்தாள். "நோ, டீச்சர். மை பென்சில். ஷி லையர்."

லையர் என்ற அந்தச் சொல் பொய் சொன்ன ஆட்டிடையன் பாடத்தில் வருவது. போன வருஷம் நெட்டுருப் போட்டது, இத்தனை நாளும் சும்மா கிடந்துவிட்டு இப்போது வேலைக்கு வந்திருக்கிறது. அப்பா சொன்னது பொய்யில்லை. அர்த்தம் பின்னால்தான் வந்தது. ஆனால் அது வருவதற்கு ஒரு பென்சில் சண்டை வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கோள் ஆறாகப் பெருகிற்று. ராஜாம்பாளுக்குத்தான் கஷ்டம். ஒரு பெண் வார்த்தை கிடைக்காமல் தவிக்கும்போது இவள் நாக்கு துருதுருக்கும். எடுத்துக் கொடுத்தே வளர்ந்த வீட்டுப் பெண் அல்லவா. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். வேறு யாராவது எடுத்துக் கொடுக்க வந்தால் ஒரு விரலை உயர்த்துவாள். "தேடட்டும். கெடைக்கும். அதுவரைக்கும் யாரும் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது." தெரிந்ததைச் சொல்லாமலிருப்பதுதான் வாத்தியார் வேலையில் பெரும்பாடு என்று அந்த மார்கழியில் அவள் கண்டுகொண்டாள்.

பொங்கல் கழிந்து இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். பின்னாலேயே மானேஜர், சந்தன மணத்தோடு. இன்ஸ்பெக்ட்ரஸ் புஷ்பவள்ளியை மறக்கவில்லை. அதே கேள்வியைக் கேட்டார்.

புஷ்பவள்ளி எழுந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"கீரப்பாளையம், மேடம்."

ராஜாம்பாளுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் புஷ்பவள்ளி உட்காரவில்லை. யோசித்தாள். கையை நீட்டிப் பக்கத்து அறையைக் காட்டினாள்.

"தட் பேடி ஆல்ஸோ கீரப்பாளையம், மேடம்."

பேடி என்று அவள் சொன்னது நெல்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் புருவத்தை உயர்த்தினார். அப்புறம் அவளை யார் நிறுத்துவது? அது எங்கள் அறை, உள்ளே நெல் தூங்குகிறது, மழை வந்தால் சின்னப் பெண்கள் நனைகிறார்கள். தடுக்கித் தடுக்கி, ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் சொன்னாள். முடிக்க முடியாமல் நின்ற இடத்தில் தில்லையம்மாள் தானாக எழுந்து நின்றாள்.

"ஷி நோ லையர், மேடம்."

தன் வேலை இன்றோடு போயிற்று என்று ராஜாம்பாளுக்குத் தோன்றியது. அதே சமயம், வாழ்நாளில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை. பேச்சில் இருந்த ஓட்டை உடைசல் எல்லாம் காதில் விழுந்தன. ஒன்றைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை.

மானேஜர் சிரிக்க முயன்றார். "சின்னப் புள்ளைங்க, ஏதோ வெளயாட்டுக்கு..."

"அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல சொல்லியிருக்கா," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். "நீங்களும் இங்கிலீஷ்லயே பதில் சொல்லுங்க. அவளுக்குப் புரியணும் இல்ல?"

மானேஜர் வகுப்பின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தட் இஸ்..." என்றார். "தட் ரூம் இஸ்..."

ராஜாம்பாள் பழக்கதோஷத்தில் ஒரு விரலை உயர்த்தினாள். உயர்த்தியிருக்கவே வேண்டாம். ஒரு பெண்கூடச் சிரிக்கவில்லை, ஒரு பெண்ணும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பூவரச மரத்தடிச் சிறுமிகள் எட்டிப் பார்த்தார்கள். மானேஜரின் கை தானாகப் போய் இடுப்புச் சாவிக்கொத்தைப் பற்றிக்கொண்டது. வார்த்தை கிடைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையோடு, வகுப்பு முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.