முதல் பந்தி

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஆம்பூரில் சகாயராணி வீட்டுக் கொல்லையில் தேக்சா என்கிற பெரிய பிரியாணிப் பாத்திரத்தில் காய்ச்சிய கஞ்சி, ஆப்பிரிக்காவில் மழை பொய்த்துப்போன ஒரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூடியைத் திறந்தால் தேக்சா துடைத்து வைத்ததுபோல் இருந்தது; அடியில் கொஞ்சம் சிவப்பு மண், அவ்வளவுதான். தவக்கால வெள்ளிகளில் மாதா கோயில் வாசலில் எல்லாரும் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு, சாப்பாட்டுக் காசைப் பஞ்ச நிவாரண உண்டியலில் போடுவது பங்கின் வழக்கம். அன்று கஞ்சியும் இல்லாமலே போட்டார்கள். உண்டியலுக்கு மேலே ஒட்டியிருந்த படத்தில் பிள்ளைகள் நின்ற மண்ணும் அதே சிவப்பாக இருப்பதைப் பங்குச் சாமியார் கவனித்தார். "காசு போய்ச் சேர மாசக்கணக்காவும். இது சூடாவே போய்டுச்சு," என்றார். அடுத்தடுத்த வெள்ளிகளிலும் மூடி போட்டதும் கஞ்சி போனது, மூடாவிட்டால் போகவில்லை. ஷூ கம்பெனியில் பசை தடவுகிற சகாயராணி அதற்குப் பிறகு ஊருக்கு ஓர் அண்டாவிலும் அங்கே அனுப்பத் தேக்சாவிலுமாகக் காய்ச்சினாள்.

தேக்சா அவளுடையதல்ல. பக்கத்து வீட்டு அக்தரி பேகத்தின் கணவர் மக்பூல் அகமது கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவர். ரம்ஜான் மாதத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் சும்மா கிடந்ததை இரவல் கொடுத்திருந்தார்கள். ரம்ஜான் முடிந்தது, தவக்காலம் முடியவில்லை. பெருநாள் கழிந்த வெள்ளியன்று அவர்கள் மகள் ஹஃப்ஸாவுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை பேரணாம்பட்டு. ஊரிலிருந்த மற்ற பெரிய தேக்சாக்களெல்லாம் வேறு கல்யாணங்களுக்குப் போய்விட்டன.

"மூடாம எறக்கிடுங்களேன். சம்பந்திங்க முன்னாடி காலி தேக்சாவத் தொறந்தா, பொண்ணு காலத்துக்கும் பேச்சு கேக்கணும்," என்றாள் அக்தரி பேகம்.

"மூடி தம் போடாம எறக்குனா அது கறிசோறு. என் பொண்ணு கல்யாணத்துல கறிசோறா?" என்றார் மக்பூல் அகமது.

சகாயராணிக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "இன்னிக்கு ஒருநாள் போகாம இருக்கட்டும்னு வேண்டிக்கிறேன் ஆபா," என்றாள் அக்தரி பேகத்திடம்.

"இத்தினி நாள் அனுப்பிட்டு, இன்னிக்கு மட்டும் பட்டினி கெடங்கன்னு வேண்டுவியா? நானும் ஒரு மாசம் நோன்பு இருந்தவதான்." அக்தரி பேகம் கணவர் பக்கம் திரும்பினாள். "போடுங்க தம்," என்றாள்.

தம் போட்டார்கள். மூடிமேல் கங்கு கொட்டினார்கள். தெருவெல்லாம் பிரியாணி மணத்தது. விருந்தினர் உட்கார்ந்தபின் திறந்தால் மணம் மட்டும்தான் இருந்தது, அடியில் சிவப்பு மண். மாப்பிள்ளையின் தகப்பனார் முனீர் அகமது எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்றார். அக்தரி பேகம் தலையிலிருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். மக்பூல் அகமது கரண்டியோடு நின்றார். முனீர் அகமது விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ மொதல் பந்தி அங்க ஆயிடுச்சு," என்றார். "ரெண்டாம் பந்திக்கு இன்னா இருக்கு?"

கோயிலுக்குக் காய்ச்சிய அண்டாக் கஞ்சி இருந்தது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்த கத்திரிக்காய், தேக்சாவுக்கு வெளியே இருந்ததால் தப்பித்திருந்தது. ஜரிகைத் தொப்பியும் அத்தருமாக வந்த பேரணாம்பட்டுக்காரர்கள் கோயில்காரர்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். கத்திரிக்காயில் காரம் ஜாஸ்தி என்று மட்டும் ஒருவர் குறை சொன்னார்.

இப்போது தவக்காலத்தில் விழுகிற கல்யாணங்களுக்கு ஆம்பூரில் மக்பூல் அகமதுவிடம் இரண்டு தேக்சா சொல்கிறார்கள். அங்கே போகிற பழையதில் கறி கொஞ்சம் தாராளமாக விழுகிறது, தூரத்துப் பந்தி என்று. அதில்தான் முதலில் தம் போடுகிறார். ஹஃப்ஸாவை மாமனார் வீட்டில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சிவப்பு மண்ணை அக்தரி பேகம் கொல்லையில் கொட்டிக் கத்திரி நட்டிருக்கிறாள். காய் நன்றாகவே பிடிக்கிறது.