மூச்சு வாங்குகிறவர்

நாலாம் நாள் காலை, சைக்கிள் கொட்டகையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் முறை வந்ததும் வழிகாட்டிப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்து, சார் விளையாட்டு வீரரா என்று கேட்டாள். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக விசில் ஊதிய மனுஷர். வேறு சமயமாக இருந்தால் அவள் அந்தக் கேள்வி கேட்டதற்காக ஒரு மணி நேரம் இவர் பெருமையைக் கேட்டு அவஸ்தைப்பட்டிருப்பாள். அன்று அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன உடம்பும்மா என்றார். அவள் பதறிப்போய் எங்கள் இரண்டு பேரையும் வரிசையின் கடைசிக்கு மாற்றிவிட்டாள்.

இந்தக் கடற்கரை விடுதியைப் பிடித்துக் கொடுத்தது எங்கள் மகள். ஆறு நாள். அறைக் கதவின் உள்பக்கம் அட்டவணை ஒட்டியிருந்தது: ஒரு நாள் பாய்மரப் படகு, மறுநாள் கரையோர நடை, அதற்கும் மறுநாள் சைக்கிள். ஓய்வெடுக்க வந்தோம் என்று சொன்னால் அதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். இதய டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தார். எட்டு மாசம் ஆச்சு, எல்லாம் செய்யலாம், இந்த ஆறு நாளைத் தாங்கிவிட்டால் இனி என் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று இவரிடம் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்போதே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். ஆறாம் நாள் சொல்லிவிடுவது.

எட்டு மாசமாக என் வாயில் கிடக்கிற பேச்சு அது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவள். நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளி வேறொரு ஊரில் கிளை திறந்தபோது, அதை என் பொறுப்பில் விடலாம் என்று வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தேனாம். இவர் எடுத்து, அவளுக்கு அதெல்லாம் ஒத்துவராது என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை. மூன்று வருஷம் கழித்து முதலாளி பேச்சுவாக்கில், நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களேம்மா என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. ஊரில் யாரிடம் சொன்னாலும் இதெல்லாம் ஒரு காரணமா என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கிளையில் இன்னொரு இடம் காலியானதும் ஒப்புக்கொண்டேன், அங்கே ஒரு அறை பார்த்து வாடகைச் சீட்டும் சாவியும் வாங்கிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே போய் உட்கார்ந்து, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். பிரஷ் கீழே விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார்.

அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது. ஆம்புலன்ஸ், ஆபரேஷன், மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. வந்த உறவெல்லாம் உன் தாலி பாக்கியம் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். நர்ஸ் நாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள், காலையிலும் மாலையிலும் பிடித்தேன். அழுகையோ கோபமோ வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒன்றுதான் உறுத்தியது. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று இந்த எட்டு மாசத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

விடுதிக்கு வந்த இரண்டாம் நாள் படகில் அவரைப் பார்த்து நான் பயந்துதான் போனேன். காற்று திடீரென்று திரும்பியது. படகு ஓட்டச் சொல்லித்தருகிறவர் கத்துவதற்குள் இவர் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பின்னால் சாய்ந்து பாயை அடக்கிவிட்டார். கை நரம்பெல்லாம் புடைத்திருந்தது, முகத்தில் பழைய மைதானத்துச் சிரிப்பு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, மூச்சு வாங்குது என்று உட்கார்ந்துகொண்டார். மறுநாள் கரையோர நடையில் முக்கால் வழியில் ஒரு மரக்கட்டையைப் பார்த்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆறாம் நாள் தள்ளிப்போகும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். இப்படி நினைக்கிறவளும் ஒரு பெண்டாட்டியா என்றும் நினைத்தேன்.

சைக்கிளில் எட்டு கிலோமீட்டர் சமதரையில் நன்றாகத்தான் வந்தார். கடைசியில் ஒரு மேடு, அதன் உச்சியிலிருந்து கடல் முழுக்கத் தெரியுமாம். மற்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். இவர் அடியிலேயே இறங்கி, சைக்கிளைப் புல்லில் சாய்த்து, கல்லில் உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். எண்பத்து நான்கு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். அதே எண்பத்து நான்கு. என்னுடையது நூறைத் தாண்டியிருக்கும். அப்போதுதான் காதிலும் விழுந்தது. ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று பையன்களுக்குச் சொல்லித்தருகிற மாதிரி தாளம் பிசகாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே அந்த மூச்சை நிறுத்திவிட்டார்.

"டிஸ்சார்ஜ் அன்னைக்கு உன் பையில இன்சூரன்ஸ் கார்டு தேடினேன். சாவியும் வாடகைச் சீட்டும் இருந்துச்சு," என்றார், புல்லைப் பார்த்துக்கொண்டு.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"எனக்கு உடம்பு நல்லாயிடுச்சுன்னா நீ கிளம்பிடுவே. இன்னும் கொஞ்ச நாள் சீக்காளியாவே இருந்துட்டுப் போறேனே."

ஊரையே விசிலில் நிறுத்தியவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகுகிறதா என்று நானே காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கேட்க வேண்டியது மட்டும் வந்தது. "முதலாளி போன் பண்ணினப்போ ஏன் என்கிட்ட சொல்லல?"

ஒரு புல்லைக் கிள்ளி விரலில் சுற்றினார். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"சொல்லியிருந்தா நீ சரின்னுருப்பே."

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நிஜம் அதுவாகத்தான் இருக்கும். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கு ஒத்துவராது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஒத்துவரும் என்றுதான் பயந்திருக்கிறார். அவர் மணிக்கட்டை மெதுவாக அவர் மடியிலேயே வைத்தேன்.

"ஏறுங்க," என்றேன். "உச்சி வரைக்கும் நிக்காம மிதிங்க. நான் பார்க்கணும்."

என் முகத்தைப் பார்த்தார். ஏறினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சைக்கிளை நிமிர்த்தினார், கைப்பிடியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு ஏறி மிதித்தார். பாதி மேட்டில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தார். சட்டை முதுகில் உப்பியது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, கால் ஊன்றவில்லை. அறுபது வயசு ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் என் சைக்கிளைப் பிடித்தபடி, வாய்க்குள்ளேயே அந்தப் பேச்சை முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் தள்ளிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.

மேலே அவர் இறங்கி சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டார். மற்றவர்களெல்லாம் கடலைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கடலுக்கு முதுகு காட்டி, குதிகால்களைச் சேர்த்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்து, பெயர் கூப்பிடப்பட்ட பையனைப் போல என்னைப் பார்த்து நின்றார்.