மூன்றாவது முறை கிளம்பும் கார்

தம்போய் ஊரில் கனகராஜின் வீட்டு வரிசையில் குடியிருப்பவர்களுக்கு அவருடைய காரின் சத்தம் மூன்று வாரத்தில் மனப்பாடமாகியிருந்தது. சாவியைத் திருப்பினால் முதல் முறை முனகும். இரண்டாம் முறை 'ஊஞ்... ஊஞ்...' என்று இழுக்கும். மூன்றாம் முறை, மனம் இருந்தால், கிளம்பும். வண்டிக்கு இருபத்திரண்டு வயது. மனிதக் கணக்கில் எண்பது என்று கனகராஜ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை மட்டும் யாரும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. காரணம், வியாழக்கிழமை நடந்தது. டயாலிசிஸ் முடிந்து களைத்துப் போயிருந்த பக்கத்து வீட்டுத் திலகத்தை ஏற்றிக்கொண்டு, கனகராஜின் மனைவி செல்வராணி வெயிலில் இருபது நிமிடம் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். திலகம் ஓய்வுபெற்ற அரசாங்க கிளார்க், தனியாக இருப்பவர். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்.

"இனிக் கிழமைக்கு ரெண்டு தரம் போனாப் போதும், பிள்ளை. உங்களுக்கும் அலைச்சல் குறையும்."

வாரத்துக்கு மூன்று முறை கட்டாயம் என்று டாக்டர் சொன்னது இருவருக்கும் தெரியும்.

இதைக் கேட்ட கனகராஜ் பழைய இரும்பு எடுக்கும் லாரிக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து காரை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"காரைக் குடுத்துட்டு, அக்காவை உங்க மோட்டார் சைக்கிள் பின்னாடி உக்கார வெச்சா கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள் செல்வராணி.

"டாக்சி இருக்கு லா."

"டாக்சிக்காரரு கையப் பிடிச்சு எறக்கி, வீட்டுக்குள்ள கொண்டு வந்து உக்கார வைப்பாரா?"

"நடுரோட்டுல நின்னுடுச்சுன்னா? அவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

இருவரும் ஒரே மனுஷிக்காகத்தான் சண்டை போட்டார்கள். இப்படிப்பட்ட சண்டைகளை ஆண்டவன் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டான்.

செல்வராணி அத்தோடு விடவில்லை. அடுத்த தெருவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மன் மனோகரனை ஒன்பது மணிக்கே வரவழைத்துவிட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு, தம்பி," என்றார் கனகராஜ். "பேட்டரி புதுசு, நானே மாத்துனேன். பிளக் புதுசு. பெட்ரோல் எண்ணெய் போடுற ஸ்டேசனைக்கூட மாத்திப் பாத்துட்டேன். ஒண்ணு, ஸ்டார்ட்டர் போயிருக்கணும். இல்ல, இவ சாவி திருப்புற விதம் சரியில்ல."

"ஆமா, நீங்க மந்திரம் சொல்லித் திருப்புறீங்க. உங்களுக்கு மட்டும் ஒடனே கிளம்பிடுது."

மனோகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பானட்டைத் திறந்தான். "எப்பலேருந்துண்ணே இப்படி?"

"ஒரு மூணு வாரமா."

"பேட்டரி எப்ப மாத்துனீங்க?"

"ஆயுத பூஜை அன்னிக்கு."

"அதுவும் மூணு வாரந்தானேண்ணே?"

"அதுக்கென்னா? புது பேட்டரி லா!"

மனோகரன் பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்தான். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் வைத்தான். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "அக்கா, திருப்புங்க," என்றான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த செல்வராணியிடம். கார் முனகியது, மீட்டர் எண் கொஞ்சம்தான் இறங்கியது.

"பேட்டரி தெம்பாத்தான் இருக்குண்ணே. அந்தத் தெம்பு ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரல. வழியில எங்கியோ மாட்டிக்குது."

பிறகு ஓர் ஊசியை ஈய முனையிலும், மற்றதை அந்த முனையைக் கவ்வியிருந்த கிளாம்பிலும் வைத்தான். "இது ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல ஒண்ணுமே காட்டக் கூடாது. திருப்புங்கக்கா."

மீட்டர் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் காட்டியது.

"அலமாக்," என்று வியந்தான் மனோகரன். கிளாம்பைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. நட்டைத் தளர்த்தி, மெல்ல ஆட்டிக் கழற்றினான். உள்ளே, முனையைச் சுற்றி, மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து சுண்ணாம்புபோல் இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான். கோயில் வாசனை அடித்தது. அடுத்த முனையிலும் பாரபட்சமில்லாமல் அதே பூச்சு.

கனகராஜ் கோயில் கமிட்டியில் பூஜைச் சாமான்களுக்குப் பொறுப்பாளர். ஆயுத பூஜை அன்று சக்கரம், ஸ்டீயரிங், ஸ்பேனர் பெட்டி என எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், புது பேட்டரியை மாட்டுவதற்கு முன் அதன் முனைகளையும் விட்டுவைக்கவில்லை.

"வண்டிக்கு உயிரே அங்கதான இருக்குன்னு..." என்று முணுமுணுத்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

இந்தக் கதை கோயில் வரை போனால் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள். மனோகரனுக்கும் அது தெரியும். அவன் குரலைத் தாழ்த்தினான். "நல்ல மனசோட வெச்சதுதாண்ணே. எடந்தான் கொஞ்சம் தள்ளியிருக்கணும். அடுத்த தடவ பேட்டரி மூடி மேல வைங்க."

"என்னா கெடச்சிச்சு?" பானட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து செல்வராணி கேட்டாள்.

"கனெக்சன்ல கொஞ்சம் அழுக்குக்கா."

அடுத்தவர் வெட்கத்தை மூடுவதற்குச் சொன்ன சின்னப் பொய். கனகராஜ் அதற்குள் வசதியாக ஒளிந்துகொண்டிருக்கலாம். ஆனால் யாராவது நம்மிடம் இவ்வளவு கனிவாக நடந்துகொண்டால், நாமும் கொஞ்சம் நேர்மையாக இருக்கவேண்டியதாகிவிடுகிறது. அவர் மனைவியின் பக்கம் போய் நின்றார்.

"அழுக்கு இல்ல. சந்தனம். நாந்தான் வெச்சேன். மூணு வாரமா உன் கையக் கொறை சொல்லிட்டேன்."

செல்வராணி அவரையே பார்த்தாள். "குங்குமம்?"

"வெச்சேன்."

"பூவு?"

"அது வெளிய தொங்க விட்டேன்."

"கல்யாண நாளுக்கு எனக்குக்கூட நீங்க இவ்வளவு செஞ்சதில்ல!" என்று அவள் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். மனோகரனும் அதற்குமேல் அடக்கவில்லை. கடைசியில் கனகராஜும் சேர்ந்துகொண்டார்.

மனோகரன் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் ஈயம் பளபளத்தது. துடைத்து, கிளாம்பை மாட்டி இறுக்கினான். செல்வராணி சாவியைத் தொட்டதுதான் தெரியும், இன்ஜின் உறுமியது. அவளே திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

லாரி வந்தது. கனகராஜ் ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டு, குளிர்ந்த பார்லித் தண்ணீர் ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்து அனுப்பினார்.

டயாலிசிஸுக்குக் கிளம்பிப் பையோடு வெளியே வந்த திலகம், ஓடிக்கொண்டிருந்த காரைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"ஏறுங்கக்கா," என்று கனகராஜ் கதவைத் திறந்துவிட்டார். "செவ்வா, வியாழன், சனி. மூணு நாளும் ஏறணும். வண்டி நல்லாயிடுச்சு. சும்மா நிறுத்தி வெச்சா மறுபடி கெட்டுப் போயிடும். நீங்கதான் ஒதவி பண்ணணும்."

திலகம் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, டயாலிசிஸ் நிலையத்து நர்ஸை அழைத்தார்.

"மிஸ்ஸி, நான் திலகம் கதைக்கிறன். நான் விடுறன் எண்டு சொன்ன என்ட வியாழக்கிழமை இடத்தை வேற ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. நான் வருவன்."