வாயசைப்பவர்கள் பட்டியல்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மனிதகுலம் இதுநாள்வரை வாழ்ந்ததெல்லாம் வெறும் ஒத்திகை. வருகிற ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு நமது ஆலையின் மூன்றாவது கூடத்தில் புதிய தறிகள் ஓடத் தொடங்கும் கணத்தில்தான் அசல் வாழ்க்கை ஆரம்பமாகிறது. மனிதனும் இயந்திரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை உலகம் அன்று கண்ணாரக் காணும்.

ஆலை வாசலில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பை முதலாளி தன் கைப்பட எழுதியிருந்தார். பசை காய்வதற்குள் அதைப் படித்து முடித்தவள் துருவி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்டதால் ஆலை வைத்த பெயர் இது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதெல்லாம் சரி, புதுப்பிள்ளை வந்தபிறகு பழைய பிள்ளைகளில் எத்தனை பேரை வீட்டைவிட்டு அனுப்புவார்கள் என்று அவள் காவலாளியிடம் கேட்டாள். அவர் கொட்டாவி விட்டார்.

பொழுது போகாமல் கேட்ட கேள்வியல்ல அது. அவள் கணவன் கொதிகலன் அருகே விழுந்து இடுப்பொடிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தான். வீட்டில் அடுப்பு எரிவது துருவியும் அவள் நாத்தனாரும் ஓட்டிய நான்கு தறிகளால்.

மூன்றாவது கூடத்தில் முப்பது பெண்கள், ஆளுக்கு இரண்டு தறி. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் யாரோ இருமியதாகத்தான் தெரியும். அதனால் அங்கே யாரும் காதை நம்புவதில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். "உன் பின்னால நூல் அறுந்துடுச்சு" என்று நான்கு தறி தள்ளி நிற்பவள் வாயசைத்தால் போதும், இவள் திரும்பி முடிச்சுப் போட்டுவிடுவாள். இந்த வித்தை வீடுவரை வந்தது. மாமியாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே மாமியாரைப் பற்றிச் சத்தமில்லாமல் பேசிக்கொள்ள முடிந்த முதல் மருமகள்கள் இவர்கள்தான். இயந்திர யுகத்தின் இந்தச் சாதனை அறிவிப்பில் விட்டுப்போயிருந்தது.

கூடத்தின் கோடியில், படியேறிப் போனால் முதலாளியின் கண்ணாடி அறை. சத்தம் உள்ளே வராமலிருக்க இரட்டைக் கண்ணாடி. அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம், அங்கே பேசுவது யாருக்கும் கேட்காது என்று முதலாளி விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார். கேட்காது என்பது உண்மைதான்.

ஒரே இடைஞ்சல் முதலாளியின் மீசை. அது மேலுதட்டையும் தாண்டிக் கீழுதட்டில் குடியேறியிருந்ததால் அவர் பேச்சு ஒன்றும் பிடிபடாது. ஆனால் மானேஜர் மழமழவென்று சவரம் செய்தவர். முதலாளி சொல்வதையெல்லாம் ஒரு 'ங்க' சேர்த்துத் திருப்பிச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். முதலாளி அறையைவிட்டு வெளியேறியதும் அதே வாய், "மீசை வெச்ச பூசணிக்கா" என்று தொடங்கிப் பரம்பரை வரைக்கும் போகும். கூடத்துக்கு அது தினப்படி கேளிக்கை.

அறிவிப்பு ஒட்டிய அன்று துருவி ஒரு கண்ணைத் தறியிலும் ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் வைத்திருந்தாள். பதினொரு மணிக்கு மானேஜரின் உதடு அசைந்தது.

"ஆமாங்க, பத்துப் பேரு அதிகம்தாங்க. வாய் ஓயாம ஆடுறவங்களையே எடுத்துடலாங்க."

எழுதத் தொடங்கிய மானேஜர், தறி எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். முதல் எண் துருவியுடையது. நாத்தனார் எண் வரவில்லை.

பத்து நிமிஷத்தில் செய்தி கூடம் முழுக்கப் பரவி, அதோடு முப்பது வாய்களும் பூட்டிக்கொண்டன. ஒழுங்காக இருந்தால் பட்டியல் மாறாதா என்ற நப்பாசை. நூல் அறுந்ததைப் பார்த்தவளும் சொல்லவில்லை. மூன்றே நாளில் துணி கொசுவலையாக இறங்கியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் சிலைபோல் வேலை செய்கிறார்கள், துணியோ பல்லை இளிக்கிறது. கடைசியில், அந்த ஆலையில் அதுவரை யாரும் செய்யாத காரியத்தை அவர் செய்தார். வேலை செய்பவரையே கேட்டுப் பார்ப்போம் என்றார். எப்படியும் போகப்போகிறவள் என்று மானேஜர் துருவியை அழைத்து வந்தார்.

கண்ணாடி அறையின் அமைதி அவளுக்கு விசித்திரமாக இருந்தது. சுவரில் கடிகாரம் நடப்பதுகூடக் கேட்டது. கூடத்து வழக்கத்தில் அவள் பேச, மேஜைமேலிருந்த கோப்பை அதிர்ந்தது.

"நாங்க பேசினாத்தாங்க துணி நல்லா வரும்."

"கத்தாதேம்மா. அந்தச் சத்தத்துல பேசுறது எப்படிக் கேக்கும்?"

"கேக்காதுங்க. உதட்டைப் பார்த்துப் படிச்சுக்குவோம்."

முதலாளி மெல்லத் திரும்பிக் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். இருபத்தொன்பது முகங்கள் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. சட்டென்று தறிக்குக் குனிந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தான் இங்கே பேசியதெல்லாம் என்று கேட்டார். அவர் மீசை மறைத்துவிட்டதாகத் துருவி ஆறுதல் சொன்னாள். அவர் மீசையை நன்றியோடு நீவிக்கொண்டார். நீவிய கை பாதியில் நின்றது.

"மானேஜர் பேசினது?"

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்ற மானேஜரின் முகம் வெளுத்த துணியாகிவிட்டது. அவர் வாய் சத்தமே இல்லாமல் அசைந்தது. பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துடறேன் தாயீ.

துருவிக்கு ஒரு நிமிஷம் வேடிக்கையாக இருந்தது. நேற்றுவரை தன்னைத் தறியின் ஒரு கட்டையாகப் பார்த்தவர், முதல் பாடத்திலேயே இவ்வளவு தெளிவாக வாயசைக்கிறாரே. முதலாளி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, பத்து விரலும் தெரிய, உடையில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

மானேஜர் கண்ணை மூடித் திறந்தார். பத்துப் பேரையும், என்றது உதடு. தலைமேல் ஏறிச் சத்தியமும் செய்தது கை.

"உங்களைப் பத்திப் பேசாம அவரால ஒரு மணி நேரம் இருக்க முடியாதுங்க," என்றாள் துருவி.

அதில் எள்ளளவும் பொய்யில்லை. முதலாளி நெகிழ்ந்துபோய் மானேஜரின் தோளைத் தட்டினார். கூடத்தில் பேசலாம், ஆனால் பயனுள்ளதை மட்டும் பேசவேண்டும் என்று புதிய அறிவிப்புக்கு அங்கேயே உத்தரவிட்டார். துருவி இறங்கி வந்து விஷயத்தை வாயசைத்துச் சொல்ல, கூடம் தறியை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டது. நாத்தனார் எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தாள்.

மானேஜர் சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை ஒட்டிய பட்டியலில் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. வேறு பத்துப் பேர் இருந்தார்கள்.