காரவானின் மூக்கு எடை

2022 மே 28, சனிக்கிழமை. நெதர்லாந்தின் ட்ரென்தே மாகாணத்தில், ஹூகவேன் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில், காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் காரவான் வீடுகளின் உள்ளூர்ச் சங்கம் உறுப்பினர்களின் வண்டிகளை இலவசமாக எடைபோட்டுக் கொடுத்தது. வந்தவை முப்பத்தாறு. அவற்றில் பதினான்குக்கு மூக்கு எடை கூடுதலாக இருந்தது.

பதினான்கில் முதல் வண்டி, எடைபோடும் குழுவின் தலைவர் ரூலோஃப் ஆல்டிங்குடையது.

மூக்கு எடை என்பதைப் பற்றி ரூலோஃப் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். காரவானின் முன்தண்டு காரின் கொக்கி மேல் அழுத்துகிற எடை அது. கூடினால் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்சக்கரங்கள் சாலையைப் பிடிக்காது. ரொம்பக் குறைந்தால் காரவான் வாலாட்டத் தொடங்கி, காரையும் சேர்த்து ஆட்டிவிடும். முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்த ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பக்கத்து இருக்கையில் வியர்த்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகு வியர்க்க வைக்க ஆள் இல்லாமல் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார் என்பது மனைவி ஜான்டீனின் கருத்து. அதில் தப்பு இல்லை என்று அவருக்கும் உள்ளூரத் தெரியும்.

அந்த வருடக் காரவான் பயணம் ஜான்டீனுக்காகத்தான். ஜனவரியில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அதன்பின் சாதாரண சைக்கிள் முடியாது, மோட்டார் வைத்தது என்றால் ஓட்டலாம் என்றார்கள். சைக்கிள் இல்லாத ட்ரென்தேக்காரி பாதி ஆள். ஏப்ரல் முழுக்க வீட்டுத் தெருவில் பழகினாள். ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில், திங்கட்கிழமை அவளுடைய அக்காவும் அக்காவின் சிநேகிதிகளும் சைக்கிளோடு காத்திருப்பார்கள். போன கோடையில் அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தபடி ஜான்டீன் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை படத்தில் நான் இருக்கணும் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். ஜான்டீன் எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்கிறவள் அல்ல.

எனவே ரூலோஃப் இரண்டு மின்சார சைக்கிள்களையும் முன்தண்டின் மேல் ஒரு தாங்கியில் நிறுத்திக் கட்டினார். இரண்டும் இரும்புக் கன்றுக்குட்டிகள். பேட்டரிகளைக் கழற்றிக் காருக்குள் வைத்தார். அதைச் செய்யாதவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. ஜெர்மனியில் உருளைக்கிழங்கு கிடைக்காது என்பதுபோல வீட்டிலிருந்து எடுத்த ஒரு மூட்டையை முன்பெட்டியிலிருந்து சக்கர அச்சுக்கு நேர் மேலே நகர்த்தினார். பிறகு குளியலறைத் தராசை வாசலுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் வெட்டிய துடைப்பக் கட்டை ஒன்றை நிறுத்தி, காரவானின் மூக்கை அதன்மேல் இறக்கினார். எழுபத்துநான்கு கிலோ காட்டியது. அவருடைய காரின் கொக்கிக்கு அனுமதி எழுபத்தைந்து. சங்கத்தின் புதன்கிழமைக் காப்பி வேளையில், தலைக்கு ஒரு பிஸ்கட் தந்து டப்பாவை மூடிவிடும் அந்தக் கூட்டத்தில், இதை அவர் மூன்று மேசைகளில் சொன்னார். இரண்டு சைக்கிளோடு எழுபத்துநான்கு. எப்படி என்று சனிக்கிழமை வந்து பாருங்கள்.

சனிக்கிழமை வந்து பார்த்தார்கள்.

சங்கத்தின் புது எடைமானியை மூக்குக்கு அடியில் நிறுத்தியவர் பெரெண்ட். ரூலோஃபின் பழைய மாணவர், மூன்றாவது முயற்சியில் உரிமம் வாங்கியவர். குனிந்து பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"வாத்தியாரே, எண்பத்திரண்டு."

தரை சமமில்லை என்றார் ரூலோஃப். பலகை போட்டார்கள். எண்பத்திரண்டு. எடைமானி புதுசு, அதற்கு இன்னும் பழக்கமில்லை என்றார். பக்கத்து வண்டியை அளந்தார்கள். அந்த வண்டிக்காரர் நேற்று ஒரு பட்டறையில் அளந்த அதே எண் வந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் மரியாதையாகக் கைகட்டி நின்றார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எது என்று தான் கத்தியபோது இவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ரூலோஃபுக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

"வீட்ல எதுல எடை போட்டீங்க?" என்று கேட்டார் பெரெண்ட்.

"குளியலறைத் தராசுல. நல்ல தராசு."

காப்பிக் குவளையோடு நின்ற ஜான்டீன் திரும்பினாள். "நம்ம வீட்டுத் தராசா?"

"வேற எங்க போவேன்?"

"அதுல எட்டைக் கூட்டணும்."

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். புத்தாண்டுப் பலகாரங்களுக்குப் பிறகு, மனசைத் தேற்றிக்கொள்ள, தராசின் அடியில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்பி ரூலோஃப் ஊசியை இரண்டு கிலோ பின்னால் தள்ளினார். உற்சாகம் கிடைத்தால் மீதி தானாக இறங்கும் என்பது திட்டம். உற்சாகம் கிடைத்தது. பிப்ரவரியில் இன்னும் மூன்று. ஈஸ்டர் முடிந்து இன்னும் மூன்று. எட்டுக் கிலோ குறைத்துவிட்டேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லி, மே மாதத்தில் அவரே அதை நம்பியிருந்தார். இடுப்பு வார் மட்டும் நம்பவில்லை. வாசலில் துடைப்பக் கட்டையை நிறுத்தும்முன் ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. வண்டியைக் கிளப்பும்முன் கண்ணாடியைப் பார் என்று முப்பத்தொரு வருடம் கத்தியவர்.

கூட்டத்திலிருந்து அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே நீ."

"உன்னைத்தான் எடை போட்டுக்கறன்னு நெனச்சேன். நீ வண்டியைப் போடுவேன்னு எனக்கென்ன ஜோசியமா?"

"அப்ப இத்தனை நாளா நீ?"

"நான் ஏறி நிப்பேன், எட்டைக் கூட்டிக்குவேன். நீ சந்தோஷமா இருந்தே, நடுவுல நான் எதுக்கு?"

பெரெண்ட் உதவிக்கு வந்தார். பின்பக்க அலமாரியில் கனமாக ஏதாவது வைத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்றார். வால் கனத்தால் நாய் ஆடும், அதைச் செய்யாதே என்று போன மாதம்தான் ரூலோஃப் பேசியிருந்தார். பெரெண்டுக்கும் அது நினைவிருந்தது. ஒரு சைக்கிளை உள்ளே படுக்கவைக்கலாம் என்றார் இன்னொருவர்; அது கதவில் நுழையாது. வேறு கனம் ஏற்றவும் முடியாது, சைக்கிள்களோடு சேர்த்துக் காரவானின் மொத்த எடைக்கு உள்ள வரம்பில் பன்னிரண்டு கிலோதான் பாக்கி. அதைத் தானியக் கிடங்கின் பெரிய தராசில் போட்டிருந்ததால் அந்த எண்ணைக் குறைசொல்ல வழியில்லை. ஏழு கிலோதானே, கண்டுகொள்ளாமல் போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

ஜான்டீன் தன் சைக்கிளின் இருக்கையில் கைவைத்து நின்றாள். பயணத்தை ஒத்திப்போடலாம், அடுத்த வாரம் வேறு தாங்கி வாங்கலாம் என்று ரூலோஃப் ஆரம்பித்தார். திங்கட்கிழமை என்ற சொல்லை அவள் சொல்லவில்லை.

"சரி, எதைக் கழட்டறது?" என்றார் பெரெண்ட்.

கழற்ற வேண்டியது எது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை ரூலோஃப்தான் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. எண்பத்திரண்டு கிலோவை விட அந்த ஒரு சொல்தான் கனமாக இருந்தது. ஏனென்றால் இரண்டு சைக்கிளும் வாங்கியது ஜான்டீனுக்காக என்று அவர் சொல்லிக்கொண்டாலும், இரண்டில் விலை கூடியதும் பெரிய பேட்டரி கொண்டதும் அவருடையதுதான். ஆற்றங்கரையில் பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போகிற தன்னை அவர் பல தடவை பார்த்து வைத்திருந்தார்.

"என்னுடையதை," என்றார்.

"நீ என்ன பண்ணுவே அங்க?" என்று கேட்டாள் ஜான்டீன்.

"உருளைக்கிழங்கு உரிப்பேன். ஒரு மூட்டை இருக்கு."

"நல்லா உரி. நாங்க ஆறு பேரு, பசியோட வருவோம்."

அவருடைய சைக்கிளை இறக்கினார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. மூக்கை மறுபடி அளந்தார் பெரெண்ட், அறுபத்துமூன்று. சைக்கிளை என் வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்கிறேன், அவ்வப்போது ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஓட்டும்முன் கண்ணாடியைப் பார் என்றார் ரூலோஃப். சைக்கிளில் கண்ணாடி இல்லை. அன்று மாலைவரை மீதி வண்டிகளை எல்லாம் அவரே குனிந்து எடைபோட்டார். கூடுதல் என்று வந்த பதின்மூன்று பேரிடமும் அவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். திங்கட்கிழமை ஜான்டீன் கோஹெமிலிருந்து பைல்ஷ்டைன்வரை ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டினாள். ரூலோஃப் பேருந்தில் போனார்.